குத்து வாங்காத சாம்பியனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே கடவுள் கிருபையில் எல்லோரும் சுகம். அங்கே நீயும் மூக்கு, காது, தாடை எல்லாம் அவர் வைத்த இடத்திலேயே இருக்கச் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்கிறாய், நாலாவது சரிம்மாவுக்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். கடிதத்தைப் பிடுங்க முடியாது. அதோடு போன வாரம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நானும் கை வேலையாக இருந்ததில் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் அன்றிலிருந்து எனக்கே தொண்டையில் நிற்கிறது. அதைச் சரி செய்யத்தான் உட்கார்ந்திருக்கிறேன், நீயும் உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. அக்கா போன மாதம் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், உன் அறையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்து உன் பழைய சட்டைகளைப் போட்டுப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம், ஒரு சட்டைக்குள் அவளும் அவள் பிள்ளையும் சேர்ந்தே நுழைந்துவிட்டார்கள். குளியலறைக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது, இப்போது சமையலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. ஓய்வு பெற்றாலும் காலையில் டிப்போப் பக்கம் போய் எந்தப் பஸ் எப்படி இருமுகிறது என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தால்தான் அவருக்குக் காபி இறங்குகிறது. எதிர் சலூன்காரர் நீ பெல்ட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். முடி வெட்ட வருகிறவர்கள் உன் முறைப்பைப் பார்த்துக்கொண்டேதான் தலையைக் குனிய வேண்டும், சின்னப் பிள்ளைகள் அழுகிறார்களாம்.

அந்தச் சலூனில்தான் ஞாயிற்றுக்கிழமை கலவரம். பத்திரிகையில் உன்னைப் பற்றி முக்கால் பக்கம் வந்திருந்தது, ஊதிய பலூனா உண்மையான சாம்பியனா என்று தலைப்பு. உன் மாமா அதைச் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் படித்திருக்கிறான். நீ ஜெயித்ததெல்லாம் யாரை என்று அந்தப் பத்திரிகைக்காரர் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். ஒருவர் ஓய்வு பெற்று, தொப்பை வைத்து, ஆசை விடாமல் திரும்பி வந்தவராம். ஒருவர் வர வேண்டியவர் வராததால் கடைசி நேரத்தில் பிடித்து வரப்பட்டவராம். பெல்ட்டுக்காக நின்றவருக்கோ தோள்பட்டையில் ஏற்கெனவே காயமாம். எல்லாம் முதல் ரவுண்டு, மிஞ்சினால் இரண்டாவது. இவன் தாடையில் ஒரு முழுக் குத்து இறங்கினால் என்ன ஆவான் என்பது யாருக்கும் தெரியாது என்று முடித்திருக்கிறார். சலூன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான், நம்ம பையன் அடிக்கிற அடியில எவனும் நிக்கலன்னா அவன் என்ன பண்ணுவான், தடவிக் கொடுக்கணுமா என்று கேட்டிருக்கிறார். மாமா விடவில்லை, அடிக்கிறது சரிண்ணே, வாங்கினா நிப்பானான்னு பாக்க வேண்டாமா என்றிருக்கிறான். பாதிச் சவரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா, ஏன்டா, உன் மருமகன் அடி வாங்கணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா என்று எழுந்தவர்தான், கழுத்தில் வெள்ளைத் துணி, ஒரு கன்னத்தில் நுரை, அப்படியே தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். டிப்போ பஸ் ஒன்று அவருக்காக நின்று வழிவிட்டு, மரியாதைக்கு ஹாரனும் அடித்துவிட்டுப் போயிற்று. பின்னாலேயே சலூன்காரர் கத்திப் பெட்டியோடு, பாதி முகத்தோட விட்டா என் கடை பேரு என்னாகும் சார் என்று ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் உன் மாமா, கையில் பத்திரிகை. மீதிச் சவரம் நம் வீட்டு ஹாலில் நடந்தது. தரையைத் துடைத்தது நான்.

அவர்கள் போன பிறகு நானே எழுத்து எழுத்தாகப் படித்தேன். எனக்கும் ரத்தம் கொதித்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டே, இதெல்லாம் உன் வேலைதான், ஒவ்வொரு தடவையும் எதிரில வர்றவன் கையைக் கட்டிப் போடு சாமின்னு கதவைச் சாத்திக்கிட்டு வேண்டுறியே, அவரும் ஒவ்வொருத்தனா பாத்து நோஞ்சானை அனுப்புறார் என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உனக்கே தெரியும், உன் சண்டை மணி அடித்ததும் நான் சாமி அறைக்குள் போய்விடுவேன். பாதிப் பிரார்த்தனையில் அப்பா கதவைத் தட்டி, முடிஞ்சுது வெளிய வா என்பார். உன் சண்டை ஒன்றில்கூட நான் ஒரு பிரார்த்தனையை முழுசாக முடித்ததில்லை. அப்படிப்பட்டவளிடம்தான் நீ போன வாரம், அம்மா, நான் நெஜமாவே நல்லாத்தான் ஆடுறேனா என்று கேட்டாய். நானும் உனக்கென்னடா, பிரமாதமா ஆடுறே என்றேன். பார்க்காத கண்ணால் சொன்ன பதில் அது. நீ அதற்குச் சிரித்த சிரிப்பும் கொஞ்சம் நீளமாக இருந்தது, பெற்றவளுக்குத் தெரியாதா.

உன் மேனேஜர் இரண்டு பேரைக் காட்டியிருக்கிறார் என்றும், ஒருவனை நீ தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம், இன்னொருவன் பழைய இரும்பு என்று பட்டப்பெயர் உள்ளவன் என்றும், எவனுக்குச் சரி சொல்வது என்று நீ குழம்பிக்கிடக்கிறாய் என்றும் அப்பா சொன்னார். பெல்ட் கையில இருக்கு, எதுக்கு வம்பு, அந்தச் சுலபமானவனோடவே ஆடட்டும் என்பது அவர் கட்சி. அது என்னடா பெயர், பழைய இரும்பு, ஆளைத்தான் பார்ப்போமே என்று திங்கட்கிழமை மாமாவிடம் அவன் சண்டை ஒன்றை டிவியில் போடச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். நாற்பதைத் தொடப்போகிற ஆள், மூக்கு எத்தனை முறை உடைந்ததோ, ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடக்கிறது. மூன்றாவது ரவுண்டிலேயே தாடையில் ஒன்று விழுந்தது, மரம் மாதிரி சரிந்தான். சரி, இவ்வளவுதான் என்று மடித்த துணியை எடுத்துக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். உன் சண்டையில் ஒருவன் விழுந்தால் அப்பா கதவைத் தட்டிவிடுவாரே, விழுந்தால் முடிந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மாமா என் கையைப் பிடித்து, உக்காருக்கா, இன்னும் முடியல என்றான். விழுந்துட்டானேடா என்றேன். எழுந்திருப்பான் பாரு, இப்பத்தான் சண்டையே ஆரம்பிக்குது என்றான்.

அந்த மனுஷன் ஒரு முழங்காலை ஊன்றினான், அப்புறம் கயிற்றைத் தேடினான், கண் எங்கேயோ பார்க்கிறது. துணியெல்லாம் என் மடியிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்திருப்பா, எழுந்திருப்பா என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். உன் மகனை அடிக்கப் போறவனுக்கா வேண்டிக்கிறே என்று அப்பா ஒரு கத்தல். அவன் எழுந்துவிட்டான். அதற்குப் பிறகு அடித்ததை விட வாங்கியதுதான் அதிகம், ஆனால் கடைசி ரவுண்டில் எதிராளிதான் மூச்சுக்கு அலைந்தான், இவன் அலையவில்லை. ஜெயித்ததும் குதிக்கவில்லை, தோற்றவனை நாற்காலி வரை கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தான். அது எனக்குப் பிடித்தது.

ஆகவே என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். நீ நல்லாத்தான் ஆடுகிறாயா என்றால், தெரியாது கண்ணா. எனக்கும் தெரியாது, அந்தப் பத்திரிகைக்காரருக்கும் தெரியாது, படம் ஒட்டிய சலூன்காரருக்கும் தெரியாது. உனக்கும் தெரியவில்லை, அதனால்தான் கேட்டாய். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, வீட்டுக் கணக்கை எழுதி எழுதி வந்த புத்திதான் எனக்கு. வரவு மட்டுமே உள்ள மாதம் ஒன்று வந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், எதையோ எழுத விட்டுவிட்டோம் என்று முதலிலிருந்து பார்ப்பேன். உன் கணக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு நோஞ்சானை அடித்தால் அது சரியாகிவிடாது, நீ எனக்குப் போன் செய்து இதே கேள்வியைத்தான் மறுபடி கேட்பாய். பழைய இரும்புக்கே சரி என்று சொல்லு. பெல்ட் போனால் போகட்டும், ஹாலில் அதை மாட்ட ஆணி அடித்ததிலிருந்து சுவரில் விரிசல்தான். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இரண்டு நாள் முறைப்பார், மூன்றாம் நாள் அவரே சலூனில் போய் உனக்காகச் சண்டை போடுவார்.

வேளைக்குச் சாப்பிடு, கோச் சொல்வதைக் கேள், உன்னைப் பற்றி எழுதுவதை ராத்திரியில் உட்கார்ந்து படிக்காதே. பல்லுக்குப் போடும் ரப்பரைச் சுடுதண்ணீரில் அலசு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியாதே. பிரார்த்தனையையும் நான் மாற்றிவிட்டேன். எதிரே வருகிறவன் கையைக் கட்டச் சொல்லி இனிமேல் கேட்பதில்லை, உன் கால் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். அந்த மூக்குச் சாய்ந்தவனும் முழுசாக வீடு போய்ச் சேரட்டும் என்று கடைசியில் ஒரு வரி, அதை அப்பாவிடம் சொல்லிவிடாதே.

சண்டை நம் ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு என்று மறக்காமல் எழுது, போன தடவை தப்பாகச் சொல்லி எல்லோரும் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை மணி அடித்ததும் நான் உள்ளே போக மாட்டேன். நீ விழுந்தால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார், மாமாவும் மூடிக்கொள்வான், அவன் வீரமெல்லாம் சலூனோடு சரி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ரெஃப்ரி எண்ணும்போது கூடவே எண்ணுவேன். எழுந்தாலும் சரி, எழ முடியாமல் போனாலும் சரி, முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் போனை எனக்குச் செய்து அந்தக் கேள்வியை மறுபடி கேள். பார்த்தவளாகப் பதில் சொல்கிறேன்.

உன் கைக்கும் காலுக்கும், அதைவிட உன் மனசுக்கும் கடவுள் துணையிருக்கட்டும். நூறு வயது நன்றாக இரு.

சாமி அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்,
உன் அம்மா