கொம்புக்கு வாங்குன செவப்பு பெயிண்டு

அன்பு மக சுகன்யாவுக்கு அப்பா எழுதுறது. இங்க நானு, உங்கம்மா, நம்ம மாடு மூணு பேரும் ஒடம்புக்கு ஒன்னும் இல்லாம இருக்கோம், அதுல மாடு மட்டுந்தான் நிம்மதியா இருக்கு. அங்க மஸ்கட்டுல நீ வேளாவேளைக்கு சாப்புட்டு நல்லா இருக்கணும்னு மாரியாத்தாள வேண்டிக்கிறன். போன வாரம் வீடியோல வந்தப்ப இன்னாப்பா கம்முனு இருக்க, என்ன கிண்டல் பண்ணலன்னா உனக்கு சோறு எறங்காதே, ஒடம்பு சரியில்லயான்னு கேட்ட. உங்கம்மா பக்கத்துல ஒக்காந்து என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தா, அதான் கடவாப்பல்லு வலின்னு சொல்லிட்டன். எனக்கு கடவாப்பல்லு ஒன்னு கூட கெடையாது, நர்ஸு வேல பாக்குறவ அதக்கூட கண்டுபுடிக்கல நீ. இது போன்ல சொல்ற சங்கதி இல்லம்மா. அங்க வேல பாக்குற நம்ம ஊரு ஆண்டனி லீவு முடிஞ்சி நாளைக்கு கெளம்புறான், அவங்கிட்ட தான் இத குடுத்தனுப்புறன். கூடவே அம்மா முறுக்கு வச்சிருக்கா. முறுக்க மொதல்ல தின்னுடு, இத படிச்சப்பறம் எறங்காது.

ரோடு விசியம் உனக்கு தெரியும். டவுன்ல வண்டி நகர மாட்டேங்குது, தவளக்குப்பம் ஜங்சன்ல நின்னா முட்ட குஞ்சு பொரிச்சிடும் போல இருக்கு, அதனால டவுன் ரோட்ட இன்னும் நீட்டி, வாய்க்காலுக்கு பாலம் போட்டு, நம்ம தெரு வழியா இட்டாந்து பாகூர் ரோட்டுல சேக்குறாங்களாம். டவுனுக்கு வயிறு உப்பிக்கிச்சு, நம்ம தெரு வழியா தான் காத்து பிரியணுமாம்னு நான் டீக்கடையில சொன்னன், எல்லாரும் சிரிச்சானுங்க. பொங்கலுக்கு முன்னாடி சர்வே ஆளுங்க வந்து டேப்பு புடிச்சி அளந்து, எதெது இடிபடுமோ அதுல செவப்பு பெயிண்டுல பெருக்கல் குறி மாதிரி ஒன்னு போட்டு கீழ ஒரு நம்பரும் எழுதிட்டு போனாங்க. பக்கிரி வூட்டு காம்பவுண்டு செவுரு மாட்டிக்கிச்சு, டீக்கடை கொட்டாய் மாட்டிக்கிச்சு. நம்ம வூடும் எதுத்தாப்புல ஆரோக்கியம் வூடும் தப்பிச்சிச்சு. ஆரோக்கியத்துக்கு தல கால் புரியல, மாதா காப்பாத்திட்டா மச்சான், என் முன்ரூம்ல ஒரு பொட்டு கூட வைக்கலன்னு தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சான். அந்த முன்ரூம் எதுக்குன்னு உனக்கே தெரியும். அவன் மவ, உன் கூட்டாளி ஜோஸ்பினுக்கு மாசம் நெறைஞ்சிகினு வருது, தலப்பிரசவம் பொறந்த வூட்டுல தானே. சுண்ணாம்பு அடிச்சி, புது ஃபேன் மாட்டி, புள்ளைக்கு ஏணை கட்டறதுக்கு உத்தரத்துல கொக்கி கூட அடிச்சி வச்சிருந்தான் மனுசன்.

அவன் எத சொன்னாலும் நம்பிடுவான்னு தெருவுக்கே தெரியும். ரோடு வந்தா நம்ம தெரு முனையில டோல்கேட்டு வைக்கப்போறாங்க, நீ பால் வாங்க எங்க வூட்டுக்கு வரதுக்கும் சீட்டு எடுக்கணும்னு நான் சொன்னதுக்கு, சைக்கிள எடுத்துகினு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கே போயி கேட்டுட்டு வந்தவன் அவன். அவன் அப்பிடி நம்புறத பாக்க எனக்கு ஒரு ருசி. மாட்டுப் பொங்கலுக்கு கொம்புக்கு அடிச்ச செவப்பு பெயிண்டு டப்பாவுல கொஞ்சம் மிஞ்சி இருந்துச்சு. காணும் பொங்கல் அன்னிக்கு ஆரோக்கியமும் அவன் பொண்டாட்டி ரோஸ்லினும் ஜோஸ்பின பாக்க வில்லியனூரு சம்பந்தி வூட்டுக்கு போயிருந்தாங்க, தெருவுல ஆளில்ல. நான் டப்பாவ எடுத்துகினு போயி அந்த புது சுண்ணாம்பு செவுத்துல சர்வேக்காரன் போட்ட மாதிரியே ஒரு குறி போட்டன். கீழ நம்பரு வேணுமே, இன்னா போடறதுன்னு திரும்பி பாத்தன், நம்ம மாட்டு காதுல மாட்டாஸ்பத்திரியில குத்திவுட்ட மஞ்ச தோட்டு நம்பரு கண்ணுல பட்டுச்சு, அதுல கடைசி நம்பருங்கள எடுத்து எழுதிட்டன். சாயங்காலம் வந்து ஐயோ அம்மான்னு அலறுவான், மாட்டு காத பாருடா மடையான்னு சொல்லி சிரிக்கலாம்னு இருந்தன். அவன் அன்னிக்கி சம்பந்தி வூட்டுலயே தங்கிட்டான். நானும் உங்கம்மாவும் மறுநாளே மாட்ட பக்கிரி கிட்ட வுட்டுட்டு ஆத்துத் திருவிழாவுக்கு கரியமாணிக்கம் அத்த வூட்டுக்கு கெளம்பிட்டோம். அங்க ஒரு வாரம் பங்காளிங்க, கருவாட்டுக் கொழம்பு, பேச்சு, சீட்டாட்டம்னு இருந்து இருந்து, செவுத்துல ஒரு குறி போட்டதையே அடியோட மறந்துட்டன் சுகன்யா.

திரும்பி வந்து பஸ்ஸ விட்டு எறங்கி தெருவுல நொழைஞ்சா ஆரோக்கியம் வூட்டு முன்ரூம் இல்ல. ஓடெல்லாம் எறக்கி ஓரமா அடுக்கி இருக்கு, கதவு நெலையோட வேப்பமரத்துல சாஞ்சி நிக்கிது, அவன் லுங்கிய மடிச்சி கட்டிகினு கடப்பாறையால கல்ல ஒன்னொன்னா பேக்குறான், ரோஸ்லின் சும்மாடு கட்டி சொமக்குது. என்ன பாத்ததும் இன்னா சொன்னான் தெரியுமா, வா மச்சான், நாம ஊருல இல்லாதப்ப வந்து குறி போட்டுட்டாங்கடா, ஜேசிபி வந்தா ஓட்டையும் கல்லையும் நொறுக்கி போட்டுடுவான், நாமளே பிரிச்சா பின்னாடி ஒரு கொட்டாய் கட்டிக்கவாவது ஆவும், ஊருக்கு ரோடு வேணும்ல, உன் வூடு தப்பிச்சிச்சே அதுவே சந்தோஷம்னான். என் வூடு தப்பிச்சிச்சுன்னு சந்தோஷப்படறான் அவன். இடிச்சது இடிச்சாச்சு, இப்ப சொன்னா இன்னா நிமிந்து நிக்கவா போவுதுன்னு எனக்கு நானே சொல்லிகினு, பைய தூக்கிகினு உள்ள போயி படுத்துட்டன். ஜோஸ்பின் மாமியாருக்கு விசியம் போயி, மருமவள படுக்க வைக்க ஒரு ரூம் இல்லாத எடத்துக்கு எப்படி அனுப்புறது, பிரசவம் இங்கியே ஆவட்டும்னு சொல்லிட்டாங்களாம். ரோஸ்லின் நம்ம வூட்டுக்கு வந்து உங்கம்மா கிட்ட அழுவுது, நான் மாட்டுக்கு தண்ணி காட்டுற மாதிரி வெளிய போயிட்டன்.

அப்பறம் பக்கிரி செவுர இடிக்க ஜேசிபி வந்துச்சு, கூட அந்த சர்வே தம்பியும் வந்துச்சு. ஆரோக்கியம் வூட்ட பாத்துட்டு ஏன் பெரியவரே இடிச்சீங்க, இது எங்க அளவுலயே வரலியேன்னு கேட்டுச்சு. ஆரோக்கியம் குறி இருந்த கல்லுங்கள உடைக்காம தனியா எடுத்து வச்சிருக்கான், ஓடிப்போயி தெருவுல வரிசையா அடுக்கி இதோ நீங்க போட்டது தானேன்னு காட்டுறான். அந்த தம்பி பாத்துட்டு இந்த மாதிரி நம்பரே எங்ககிட்ட இல்லன்னுது. அவ்ளோ தான், தெருவே அது மேல பாஞ்சிச்சு. ஒரு குடும்பத்த நடுத்தெருவுல நிக்க வச்சிட்டு நம்பரு இல்லன்றியாடான்னு பக்கிரி சட்டைய புடிச்சிட்டான். நான் பக்கத்துல தான் நிக்கிறன். ஆரோக்கியம் மட்டும் குந்திகினு அந்த நம்பரையே பாத்துகினு இருந்தான். அப்பறம் மெதுவா தலைய தூக்கி எதுத்தாப்புல பாத்தான். நம்ம மாடு வாசல்ல படுத்து அச போட்டுகினு இருக்கு, காதுல தோடு, தலையில செக்கச்செவேல்னு கொம்பு. அத பாத்தான், கல்ல பாத்தான், என்ன பாத்தான். எழுந்து போயி பக்கிரி கைய எடுத்து வுட்டுட்டு, அந்த தம்பி மேல தப்பு இல்லப்பா, எந்த பசங்களோ கிறுக்கினத நாந்தான் கண்ணு தெரியாம நம்பிட்டன், விடுங்கன்னான்.

உடனே தெருவுல எல்லாரும் சிரிச்சாங்க. சொந்த வூட்ட தானே இடிச்சிகின மவராசன்டா நீன்னு பக்கிரி சொல்றான், எலெக்சனுக்கு நில்லு ஆரோக்கியம் உனக்கு கடப்பாற சின்னம் குடுப்பாங்கன்னு இன்னொருத்தன் சொல்றான். நானும் சிரிச்சன் சுகன்யா. அவன் என்ன பாத்துகினு நிக்கும்போதே சிரிச்சன். குறி போட்டது கூட வெளையாட்டு புத்தின்னு சொல்லிக்கலாம், அந்த சிரிப்புக்கு இன்னா பேரு சொல்றதுன்னு எனக்கு தெரியல. அத நெனச்சா சோறு பெசையிற கை அப்பிடியே நின்னு போவுது.

உங்கம்மாவுக்கு யாரும் சொல்லல. அன்னிக்கி மத்தியானம் சோத்துத் தட்ட வச்சா, பக்கத்துலயே அந்த பெயிண்டு டப்பாவ கொண்டாந்து வச்சிட்டு போயிட்டா. மறுநாள் காலையில ஆரோக்கியத்து கிட்ட போனன். செவுரு எழுப்ப நூலு கட்டிகினு இருந்தான். நாந்தான் போட்டன்னு சொன்னன். தெரியுங்க, மாட்ட பாத்தப்பவே தெரியும், நீங்க சொல்வீங்களான்னு தான் பாத்துகினு நின்னன்னான். நீங்கன்றான். அவன் என்ன சின்ன வயசுல இருந்து வாடா போடா தவிர வேற ஒன்னும் சொன்னதில்ல, செருப்ப கழட்டி அடிச்சிருந்தா கூட தேவல. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, நீங்க சிரிச்ச எடத்துலயே நின்னு தெருவுக்கு சொல்லுங்க, என் பொண்ணுக்கு சொல்லுங்க, சம்பந்தி அம்மா காதுலயும் உழட்டும், என்ன முட்டாளுன்னா சொல்லிட்டு போறாங்க, என் பொண்ணு முட்டாளு பெத்த பொண்ணுன்னு பேரு வாங்கக் கூடாதுன்னான். அன்னியிலருந்து தெனம் போயி கல்லு சொமக்கிறன், சிமெண்டு கொழைக்கிறன். குடுங்க, வைங்க, போதுங்க, அதுக்கு மேல பேச்சில்ல.

முன்ரூம் எழும்பி ஓடு போட்டு காயறதுக்குள்ள ஜோஸ்பினுக்கு நாள் வந்துடும். அதனால உன் ரூம குடுக்கலாம்னு நானும் அம்மாவும் முடிவு பண்ணியிருக்கோம். உன்ன கேக்காம உன் பீரோவ நகத்திட்டன், கோச்சிக்காத. கொக்கியும் அடிச்சிட்டன். ஜோஸ்பின் வருமான்னு தெரியல, ரோஸ்லின் அது பொண்ணு இஷ்டம்னு சொல்லிடுச்சு. ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடிஞ்சி ஜோஸ்பினும் மாமியாரும் வராங்க. அன்னிக்கி நடுத்தெருவுல நின்னு நான் சொல்லப்போறன். டீக்கடையில எத்தன கத விட்டவன், இத எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம மாட்டுகிட்ட சொல்லி சொல்லி பாக்குறன். ஜோஸ்பின் உனக்கு போன் பண்ணும். அப்ப எங்கப்பா வெளையாட்டா செஞ்சிட்டாருன்னு எனக்கு பரிஞ்சிகினு பேசாத. திட்டுனா கேட்டுக்க. எங்க வூட்டுக்கு வாடின்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லு, நீ கூப்ட்டா வருவா.

டபுள் டூட்டி பாக்காத, ஏசி காத்துல தலைய காய வைக்காத. நீயும் என் வாய கொண்டு பொறந்தவ, அங்க யாரையும் வெளையாட்டுக்கு கூட பயமுறுத்தி சிரிக்காதடி. மாரியாத்தாளும் வில்லியனூர் மாதாவும் உனக்கு தொணையா இருக்கட்டும், நல்ல எடத்துல வாக்கப்பட்டு நீயும் இந்த ரூமுக்கே தலப்பிரசவத்துக்கு வரணும், கொக்கிய கழட்ட மாட்டன்.

இன்னொன்னு சொல்ல மறந்துட்டன். அந்த கொம்பு பெயிண்ட மண்ணெண்ண போட்டு தேச்சி பாத்தன், போவல. தெருவுல போறவன் கண்ணுல படக்கூடாதுன்னு மாட்ட செவுத்து பக்கமா தலைய வச்சி கட்டியிருந்தன். இன்னிக்கி காலையில ஆரோக்கியம் பால் வாங்க வந்தான். செம்ப கீழ வச்சிட்டு கயித்த அவுத்து, மாட்ட தெருவ பாக்க திருப்பி கட்டிட்டு, அது இன்னாடா தப்பு பண்ணிச்சு, அது ஏன் மூஞ்சிய மறைச்சிக்கணும்னான். செம்ப எடுத்துகினு போயிட்டான், திரும்பி கூட பாக்கல. ஆனா டா போட்டுட்டான் சுகன்யா.

இப்படிக்கு
ஞாயித்துக்கெழமைக்கு பயந்துகினு இருக்கற உங்கப்பன்
பலராமன்