வேண்டுதல் இல்லாத பயணம்

அக்கா,

உங்கள் முகத்தில் ஈ உட்காரக் கூடாது என்று யாரோ அந்த விசிறியை ஆணியிலிருந்து எடுத்து வந்தார்கள். யானை ஊர்வலம் வரைந்து சிவப்புக் கரை கட்டிய கண்டி விசிறி. பத்து வருடமாக நீங்கள் கை வைக்காத விசிறி. கண் மூடிக் கிடந்த உங்களுக்கு ஆள் மாற்றி ஆள் அதைக்கொண்டு விசிறினார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் உங்கள் வீட்டுக்காரர், "அவளுக்குன்னு ஆசையாக் கொழும்புலேருந்து வாங்கியாந்ததுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை நின்றே போயிற்று. வயிறு எரிந்தது. பதினாறு நாளாகியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. இன்று காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போன பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு யாரிடம் சொல்வது? அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம் இரண்டு பேர்தான். அந்தக் கொழும்புப் பயணத்தை யார் போட்டார்கள், யார் போனார்கள் என்பது நமக்குத்தான் முழுதாகத் தெரியும்.

ஜெர்மன்காரன் சண்டை வருவதற்கு மூன்று வருடம் முன்பு, கடலைக்காய் உடைக்கிற நாட்களில் அது தொடங்கியது. சேலத்தில் ரயில்வே வேலையிலிருந்த என் தம்பி என்னைப் பார்க்க வந்தபோது, பழைய ரயில் கைடு ஒன்றும் படம் போட்ட இலங்கை விளம்பரத் தாள் ஒன்றும் கொண்டு வந்தான். தாளிலிருந்த இங்கிலீஷுக்கு அவன் அர்த்தம் சொல்லச் சொல்ல, எட்டாவது படித்தவள் என்ற பெருமையில் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆற்றில் குளிக்கும் யானைகள், மலைகளுக்கு நடுவே கண்டி ஏரி, அதைச் சுற்றி மேகம் போல வளைந்த சுவர், கடலை ஒட்டி வரிசையாகத் தென்னை. நீங்கள் கையிலிருந்த கடலைத் தூசியைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தீர்கள். பொம்மிடியில் ஏறினால் அங்கே போய் இறங்க எத்தனை நாளாகும் என்று கேட்டீர்கள். சேலம், ஈரோடு, திருச்சி, அங்கிருந்து போட் மெயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடியும் ரயில். மூன்றாம் நாள் காலை கொழும்பு என்றேன்.

"மூணே நாளா? எங்கம்மா வூட்டுக்குப் போவ உத்தரவு வாங்கறதுக்கே எனக்கு மூணு மாசம் ஆவுதே புள்ள" என்றீர்கள்.

அன்றிலிருந்து இரண்டு மாதம், கடலைக்காய் உடைத்த நேரமெல்லாம் நாம் இலங்கையில்தான் இருந்தோம். தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பியிருந்த குப்பாயி நம்மோடு உடைக்க வருவாள். அவளைக் கேட்டால் எல்லாம் தெரியும் என்று நினைத்தீர்கள். அவளோ பன்னிரண்டு வருடத்தில் இரண்டு மலையைத்தான் பார்த்திருந்தாள். கடலைப் பார்த்ததோ போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அதைக் கேட்டு உங்களுக்கு வந்த கோபம் எனக்கு மறக்காது. அத்தனை வருடம் அந்த மண்ணில் குனிந்து கிடந்தவளுக்கே ஊரைக் காட்டவில்லையா என்று பொரிந்தீர்கள். நாம் போகும்போது இவளையும் கூட்டிப் போக வேண்டும், வழி காட்ட இல்லை, பார்க்க, என்று நோட்டில் அவள் பெயரையும் எழுத வைத்தீர்கள்.

சாப்பாட்டுக்கு மட்டும் மூன்று பக்கம் எழுதினோம். பால் விட்ட அப்பம், சொதிக் குழம்போடு இடியாப்பம், தேங்காய்ப் பால் ஊற்றிய கடல் மீன் குழம்பு எல்லாம் குப்பாயி காதால் கேட்டு வந்து சொன்னவை. கடல் மீனைக் கடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்ன வேண்டும், தலை உங்களுக்கு, நடுத்துண்டு எனக்கு என்று பங்குகூடப் பிரித்தாயிற்று. நம் வீட்டில் மீன் தலை எந்தக் காலத்தில் நமக்கு வந்தது? முதலில் ஆண்கள் பந்தி, பிறகு பிள்ளைகள், பிறகு அத்தை, பிறகு காட்டில் வேலை செய்பவர்களுக்குத் தூக்குச் சட்டியில் சோறு போக வேண்டும். எல்லாம் முடிந்து அடுப்படியில் சட்டியைச் சுரண்டி உட்காரும்போது களி கல்லாகியிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆவி பறக்கிற சோற்றை நாம் பார்த்ததெல்லாம் அடுத்தவர் இலையில்தான்.

அதனால்தான் நீங்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரணும். வேற ஒருத்தன் கொண்டாந்து போடணும், சூடா. எனக்கு யானைகூட வேண்டாம் புள்ள. அது நடந்தாப் போதும்."

கப்பலில் குடலைப் புரட்டும் என்று என் தம்பி சொல்லிவிட்டுப் போனதற்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே! ஆடிக்குக் கட்டிய தூரி ஊஞ்சல் புளியமரத்தில் அப்படியே தொங்கிக் கொண்டிருந்தது. வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டு அதில் ஆடிப் பழக வேண்டும் என்றீர்கள். நீங்கள் வானத்துக்கும் பூமிக்குமாக ஆடி, ஒன்றுமே நடக்காதது போல இறங்கி வந்தீர்கள். நான் நாலாவது ஆட்டத்திலேயே வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன். கப்பலில் மானத்தை வாங்கிவிடுவாய் என்று சொல்லி என்னைப் பத்து நாள் விடாமல் ஆட வைத்தீர்கள். பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

விஷயம் அத்தை காதுக்குப் போயிற்று. அவர் திட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பொம்பளைங்க சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் எவன் விடுவான், ராமேஸ்வரத்துக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லுங்கள், சின்னவளுக்கு இன்னும் குழந்தை இல்லை, அதையே காரணமாக வைத்துக்கொள்ளலாம், நானே மகனிடம் பேசுகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நீங்கள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டீர்கள்.

"வேண்டுதலுக்குப் போறதில்லீங்க அத்தெ. பாக்கப் போறது. அதுக்குச் சாமிய எதுக்குப் பொய்ச் சாட்சிக்கு இழுக்கணும்?"

அதற்காக உங்களோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குப் பாதி இருக்கிறது, ஒளிப்பானேன். ராமேஸ்வரமும் தீவுதானே அக்கா. அங்கேயும் கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் அதையாவது பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆண் பிள்ளை சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லித் தர்மபுரியில் நாடகம் பார்த்துவிட்டு வந்தால் எவனாவது எந்தச் சாமிக்கு நேர்ந்தாய் என்று கேட்டானா? பொம்பளை ஊர் தாண்ட வேண்டுமானால் பிள்ளை இல்லை என்றோ, புருஷனுக்கு நோவு என்றோ ஒரு துக்கத்தைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். சந்தோஷமாக இருக்கிறேன், ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லக் கூடாத அதைத்தான் நீங்கள் சொன்னீர்கள்.

அறுவடை முடிந்து உங்கள் வீட்டுக்காரர் மனம் நன்றாக இருந்த ஒரு காலையில் நோட்டைக் கொண்டு போய் நேராகவே கேட்டீர்கள். எனக்கு அவர் மூத்தார்; அவர் எதிரே நிற்பதோ பேசுவதோ நம் வீட்டு வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நன்றாக எழுதியிருக்கிறதே, ஸ்டேஷனில் விசாரிக்கிறேன் என்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். நீங்கள் உள்ளே ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். முப்பது வயதுக்காரி மாதிரியா இருந்தீர்கள் அன்றைக்கு!

விசாரித்தார். பொங்கல் கழித்து அண்ணனும் தம்பியும் புறப்பட்டார்கள். பொம்பளைங்க கடல் தாண்டுவதா, முதலில் நாங்கள் போய் இடம் பார்த்துவிட்டு வருகிறோம், அடுத்த வருடம் உங்களைக் கூட்டிப் போகிறோம் என்றார்கள். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன். நாம் போட்ட வழி, நாம் எழுதிய பக்கம், அவர் சட்டைப் பையில். ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தது நீங்கள். முறுக்கு சுட்டுக் கொடுத்தது நான்.

திரும்பி வந்ததும் ஆடு அடித்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள், கதை கேட்க. கூடம் நிறைய இலை. உங்கள் வீட்டுக்காரர் வெளுத்துக் கட்டினார். அங்கே எல்லாம் தேங்காய் எண்ணெய், வாயில் வைக்க முடியவில்லையாம். மீன் பக்கமே போகவில்லையாம். கண்டியில் ஒரு குளம், வெறும் தண்ணீர், அதில் பார்க்க ஒன்றுமில்லையாம். குழம்பு ஊற்றிக்கொண்டு போன நீங்கள் நின்றீர்கள்.

"அதைச் சுத்தி வளைவு வளைவா, மேகம் மாதிரி சுவர் கட்டியிருப்பாங்களே. பாக்கலீங்களா?"

அவர் விழித்தார். பந்தியில் இருந்த பெரியவர் ஒருவர், போனவனுக்குத் தெரியல, போவாதவளுக்குத் தெரியுதே என்று சிரித்தார். கூடமே சிரித்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு குழம்பு ஊற்று என்றார்.

நீங்கள் வாளியைக் கீழே வைத்தீர்கள். சத்தமில்லாமல் ஓர் இலையை எடுத்து வந்து, பந்தியின் கடைசியில், ஆண்களோடு ஒரே வரிசையில் விரித்துத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்தீர்கள். சோற்றுக் கூடையோடு நான் எதிரே வந்துகொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"புள்ள, எனக்குப் போடு."

அத்தை வாசற்படியில் நின்று என்னை முறைத்தார். என் வீட்டுக்காரர், பேசாமல் உள்ளே போ என்பது போலக் கண்ணைக் காட்டினார். கையில் கரண்டி, கரண்டியில் சோறு. நான் உங்கள் இலையைத் தாண்டி, கூடையோடு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நீங்கள் ஒன்றும் இல்லாத இலையை, சாப்பிட்டு முடித்தவர் போல மடித்துவிட்டு எழுந்தீர்களாம். அடுப்படிக்கு வந்து, அடுத்த பந்திக்கு ரசம் தாளித்தாயா என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம் அக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் திட்டித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த வருடம் மழை இல்லை. அதற்கடுத்த வருடம் என் பெண் பிறந்தாள். பிறகு சண்டை வந்தது, கப்பலில் போனால் குண்டு விழும் என்றார்கள். பிறகு அரிசிக்கே சீட்டு. சண்டை முடிந்த பிறகு நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் "நான் கொழும்புக்குப் போனப்ப" என்று அவர் தொடங்குவது மட்டும் நிற்கவில்லை. மேகச் சுவரைக்கூடச் சேர்த்துக்கொண்டார், தானே பார்த்த மாதிரி.

இன்று படையல். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் என் வீட்டுக்காரர் மூலமாகக் கேட்டனுப்பினார். இருபத்தைந்து வருடம் உங்கள் கையால் தின்றவர்! கடல் மீன் என்றேன். பொம்மிடியில் கடல் மீனுக்கு எங்கே போவது? கம்பைநல்லூர்ச் சந்தையிலிருந்து கருவாடு வந்தது. குழம்பு வைத்தேன். தலைவாழை இலை போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை அப்படியே கொட்டினேன். ஆவி பறந்தது. வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் பசியோடு, கை கூப்பிக்கொண்டு, நீங்கள் முதலில் சாப்பிட வேண்டும் என்று காத்து நின்றார்கள். இந்த வீட்டில் ஒரு பொம்பளைக்கு முதல் இலை கிடைக்க அவள் சாக வேண்டியிருக்கிறது.

பிறகு பந்தி நடந்தது. யாரோ வெளியூர்க்காரர் கேட்க, உங்கள் வீட்டுக்காரர் மறுபடியும் கொழும்பில் இறங்கினார். நான் கூடையைக் கீழே வைத்தேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"அது அக்கா போட்ட பயணங்க. இனிமே அதைச் சொல்லாதீங்க."

அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

தைரியசாலி ஆகிவிட்டேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. செத்தவளுக்காகப் பேசுவது லேசு. அவர்களைப் பற்றி இவ்வளவு பொரிந்து தள்ளினேனே, அவர்கள் உங்களிடமிருந்து யானையை எடுத்தார்கள், ஏரியை எடுத்தார்கள், கடலை எடுத்தார்கள். அதெல்லாம் போன பிறகு, இருக்கிற வீட்டிலேயே, என்னை நம்பி, ஒரு கரண்டி சோறு கேட்டீர்கள். அதைப் போடாதவள் நான்தான் அக்கா.