நான்காம் பாகத்தில் யாரும் சண்டை போடவில்லை

என் அன்பு வாலுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது அம்மா நலம், நான் அம்மா அனுமதிக்கிற அளவுக்கு நலம். நீ நலமாக இருப்பதாக வாரா வாரம் போனில் நீயே சொல்லிவிடுகிறாய், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலாவது உன் காதுக்கு வருவதற்குள். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை என்று நினைத்து, திரைச்சீலை மாட்டுகிற நீளக் கம்பி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, "வானம் பிளக்கும் ஏழாம் வீச்சு!" என்று அடித்தொண்டையில் கத்தி வீசினேன். வீச்சு கச்சிதம். ஆனால் தொங்கவிட்ட சாம்பிள் துணிகளுக்குப் பின்னால் உன் பழைய தலைமையாசிரியை ஜன்னல் அளவோடு நின்றிருந்தார். "உடம்பு நல்லா இருக்கா சார்?" என்று கேட்டார், மரியாதைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை, நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். நம் தையல்காரர் மிஷினுக்கு அடியில் குனிந்து ரொம்ப நேரம் நூல்கண்டு தேடினார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆமாம், உன் அட்டைப்பெட்டியைத் திறந்துவிட்டேன். தொடக் கூடாது என்று மூன்று பக்கத்தில் எழுதியிருந்தாய், நான் நாலாவது பக்கம் வழியாகப் போனேன். மங்கா என்கிற இந்த ஜப்பான் படக்கதைகளை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், உடனே சிரிக்க ஆரம்பிக்காதே. முதலில் இருந்த இரண்டு தொடரையும் ஒரே மூச்சில் முடித்தேன், ஒன்று வாள் வீசுகிற பையன், இன்னொன்று ராட்சசர்களை விழுங்குகிற பையன். நன்றாகத்தான் இருந்தன, இல்லாவிட்டால் கம்பியை எதற்குத் தூக்கப்போகிறேன். ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. இந்தக் கதைகளில் அப்பா என்று ஒருவர் வந்தால் மூன்றாம் பக்கத்தில் செத்துப்போகிறார், அப்படிச் சாகவில்லை என்றால் கடைசியில் அவர்தான் வில்லன். உயிரோடு, நல்லவனாக, சும்மா வீட்டில் இருக்கிற அப்பா ஒருத்தர்கூட இல்லை. எங்கள் வர்க்கத்தின் மேல் அவர்களுக்கு என்ன கோபமோ. அப்புறம், அந்தப் பையன்கள் தோற்கிற அழகைப் பார், இந்தப் பக்கத்தில் எலும்பெல்லாம் நொறுங்கிக் கிடக்கிறான், சிநேகிதன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறான், அடுத்த பக்கத்தில் கண்ணில் தீயோடு எழுந்துவிடுகிறான். எனக்குக் கட்டிலிலிருந்து எழவே அதைவிட நேரமாகிறது.

மூன்றாவது தொடர்தான், நீ அட்டை போட்டு அடியில் வைத்திருந்தாயே, அந்தக் குடைக்காரர் மகள் கதை, அதை அம்மாவும் நானுமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டோம். நகரக் காவல் படையில் சேர்ந்த பெண், மூன்றாம் பாகக் கடைசியில் படையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள், அவள் மேல் தப்பில்லை, ஆள் குறைக்கிறார்கள் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து லீவு என்கிறாள். முன்னால் படித்த இரண்டு தொடராக இருந்தால் நாலாம் பாகம் முதல் பக்கத்திலேயே புது எதிரி வந்திருப்பான், வானம் கிழிந்திருக்கும். இதில் நாலாம் பாகம் முழுக்க அவள் வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான், ஒரு சண்டை கிடையாது! மழை பெய்கிறது, அப்பா குடை ரிப்பேர் செய்கிறார், சீருடை ஆணியில் தொங்குகிறது, பக்கத்துக்குப் பக்கம் அதே ஆணி, அதே சீருடை, பிறகு ஒரு நாள் ஆணி மட்டும் இருக்கிறது, அம்மாக்காரி துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அந்த வெறும் ஆணியை வரைந்தவர் கையில் தங்கக் காப்பு போடலாம். நான் தேம்பினேன், அம்மா புத்தகத்தை மூடிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டாள். (இந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறாள், முடியாது.) பெண் வீட்டுக்குள் நுழைந்த அன்றே அந்த அப்பாவுக்கு விஷயம் தெரியும், லீவில் வருகிறவள் பெட்டி படுக்கை எல்லாவற்றோடும் வருவாளா? ஆனாலும் கேட்கவில்லை. குடையின் ஒரு பக்கத்தை நீட்டி, இந்த முனையைக் கொஞ்சம் பிடி என்கிறார். கடைசியில் ஒரு நாள் குடையைப் பிடித்தபடியே அவளாகச் சொல்கிறாள். தெரியும்மா, நல்லா இழுத்துப் பிடி என்கிறார். இதற்காகத்தான் அந்தத் தொடர் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது என்பது என் கட்சி.

அந்த அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு எப்போது வந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன் கண்ணு. போன மாதம் இரண்டு நாள் நீ போனை எடுக்கவில்லை என்று அம்மா பதறிப்போய் உன் ஆபீஸுக்கே போட்டாள். எடுத்த பெண் நல்ல பெண், "அவங்க இங்க இல்லையேம்மா, நிறைய பேரை அனுப்பினாங்கல்ல, அதுல அவங்களும் போயிட்டாங்களே" என்று இரக்கமாகத்தான் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை என்றாய். அம்மா சரிம்மா, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி போனை வைத்துவிட்டு, காலையில் துடைத்த அலமாரியை மறுபடியும் எடுத்துப் போட்டுத் துடைத்தாள். உன் அத்தை வேறு வந்து உட்கார்ந்து, பெண்ணுக்கு இந்த வருஷம் சம்பளம் ஏற்றினார்களா என்று நோண்டினாள். உங்க பையனுக்குக் கல்யாணம் எப்போ என்று அம்மா திருப்பிக் கேட்டாள் பார், அத்தை காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். எனவே அந்தப் பக்கம் நீ பயப்பட வேண்டாம், கோட்டையை அம்மா பார்த்துக்கொள்கிறாள். நீ எழுந்திருக்க எத்தனை பக்கம் ஆனாலும் ஆகட்டும், ஒரு பாகம் முழுக்க ஆனாலும் எங்களுக்கு அவசரமில்லை. அங்கேயே இருந்து வேறு வேலை தேடுகிறாயா, தேடு. இங்கே வருகிறாயா, உன் அறையில் என் சாம்பிள் துணிகள் கிடக்கின்றன, அரை நாளில் எடுத்துவிடலாம். வந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன், கம்பியின் அந்த முனையைக் கொஞ்சம் பிடி என்பேன். தனியாக அழாதே, அது ஒன்றுதான் என் பயம், அழுவதென்றால் போன் போட்டுவிட்டு அழு, நானும் சேர்ந்துகொள்கிறேன், எனக்குத்தான் இப்போது நல்ல பழக்கமாகிவிட்டதே.

நம் வீட்டில் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கிற வழக்கம் கிடையாது, இனிமேலும் வேண்டாம். ஈரத் தலையோடு படுக்காதே. ஐந்தாம் பாகம் பெட்டியில் இல்லை, யாருக்காவது இரவல் கொடுத்திருந்தால் வாங்கி அனுப்பு. நீ எங்கே இருந்தாலும் உன் மனசு போல எல்லாம் கூடி வரட்டும்.

உன்னைப் பெற்ற பெருமையைத் தவிர வேறு சாதனை இல்லாத,
அப்பா

கண்ணம்மா, அப்பா சொல்லச் சொல்ல எழுதியது நான்தான், கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பத்து நாளைக்கு முன்னால் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. பயப்படாதே, நன்றாக இருக்கிறார், உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் குடைக்காரர் கதையை நான்தான் படித்து, படங்களையும் சொன்னேன், அந்த ஆணியை அவர் இன்னும் பார்க்கவில்லை. நாலாம் பாகத்தில் பாதிக்கு மேல் சண்டைதான். அந்தப் பெண் அடி வாங்குவதைப் பார்க்க முடியாமல் அந்தப் பக்கங்களையெல்லாம் நான் புரட்டிவிட்டேன்.