விரிந்த கண்ணாடிகள்

நவம்பர் 9, இரவு.

தூக்கம் வரவில்லை. மகன் ஜெரின் துபாய்ச் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அவன் இறந்த பிறகு ஷெட்டில் பாட்டரி தீர்ந்து கிடந்தது. இருந்த ஒரே சாவியையும் ஸ்டெல்லா அவனுடைய கோட்டுப் பையில் வைத்துத்தான் சவப்பெட்டியை மூடவிட்டாள். பெற்றவளிடம் நான் என்ன சொல்வது?

இன்று, என்னிடம் படித்த மெக்கானிக் சுபின் கதவைக் கம்பியால் நெம்பித் திறந்தான். பாட்டரியிலிருந்து ஒரு வயரை முன்பக்கக் கிரில் வழியாக வெளியே நீட்டிவிட்டான். இனி எதையும் திறக்க வேண்டாம். சார்ஜர் பிளக்கை வெளியிலிருந்தே மாட்டலாம். நோயாளிக்குக் கரண்டியால் கஞ்சி புகட்டுவது போல அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டு கொடுக்கும். கார் ஓடினால் விற்றுவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

மாலையில் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில், மடங்கிக் கிடந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்ல விரிந்தன.

"கரண்டு வந்ததுனாலயா மக்கா?" என்றேன்.

"இல்ல சாரே, சாவி பக்கத்துல வந்தாத்தான் விரியும்" என்று சிரித்தான். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்து மதில் கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றது. டீ குடிக்காமலே போய்விட்டான்.

ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டப் பூட்டாதீங்க. பிள்ள வெளிய நிக்கப்பிடாது, கேட்டியளா?" என்றாள்.

பிளக்கைப் பிடுங்க ஒரு நிமிடம் போதும். எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஷெட்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை.

கேட்டைப் பூட்டவும் இல்லை.