நான் விட்ட மூன்று வினாடி

அப்பா,

உங்கள் ஜாகா வேலைக் காவல் சீருடை வைத்திருந்த பையை நேற்று துவைக்கலாம் என்று கவிழ்த்தேன். இயர்ஃபோன் விழுந்தது. இடது பக்கத்து வயரை நீங்களே கத்தரித்துவிட்ட அதே இயர்ஃபோன். "ஒரு காது பாடத்துக்கு, ஒரு காது வாசல் கேட்டுக்கு" என்றீர்கள். காவலுக்கு நிற்பவன் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளக் கூடாதாம்.

அதை என் கைப்பேசியில் செருகினேன். நீங்கள் இங்கிலீஷ் பழக நான் பேசிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னும் இருக்கிறது. "வெய்ட்டிங்... கேட்... விசிட்டர்" என்று என் குரல் சொற்களைக் கலைத்துப் போடுகிறது. பிறகு மூன்று வினாடி மௌனம். அதற்குள் நீங்கள் வாக்கியத்தைக் கோத்துச் சொல்ல வேண்டும். பிறகு நானே விடை சொல்கிறேன்: "தி விசிட்டர் இஸ் வெய்ட்டிங் அட் தி கேட்." நேற்று அந்த மூன்று வினாடியில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செந்தூல் ரயில்வே வீட்டில் பிறந்தவர் நீங்கள். அதை இடித்தார்கள், நாம் கிள்ளானுக்கு வந்தோம். செந்தூலில் அதே பக்கம் எழும்பிய கொண்டோ அடுக்குமாடியின் வாசலில் பதினோரு வருடம் நின்றீர்கள். தமிழ் தெரியும், மலாய் தெரியும், எந்தக் கார் எந்த வீட்டுக்காரருடையது என்று ஹாரனை வைத்தே சொல்வீர்கள். புது நிர்வாகத்துக்கு அது போதவில்லை. வாசலில் நிற்பவர்கள் இங்கிலீஷ் பேச வேண்டும், டெஸ்ட் வைப்போம், தேறாதவர்கள் பின்பக்கம் குப்பை அறைக்குப் போகலாம் என்றார்கள். ஒரு பார்சலை வாங்கி வைக்க மொழி எதற்கு? கை போதாதா?

கொம்யூட்டர் ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் ஒலிப்பதிவைக் கேட்டீர்கள். வீட்டில் என்னிடம் ஒப்பித்தீர்கள்.

"விசிட்டர் கேட்ல வெய்ட்டிங்."

"ஐயோ, மாத்திச் சொல்றீங்க பா."

"இங்கிலீஷ்காரனுக்கு அவசரம்டா. என்ன நடக்குதுன்னு முன்னாடியே சொல்லிடுறான். நம்ம பேச்ச கடைசி வரைக்கும் கேக்கணும் லா."

அம்மாகூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் கெஞ்சுவது போலக் கேட்டீர்கள். "நடுவுல இன்னும் கொஞ்சம் நேரம் விட்டு வைடா. வாய்க்கு வருது, வரிசைக்கு வரமாட்டேங்குது."

"டெஸ்ட்ல யாரு பா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பா? மூனு செகண்ட்தான்."

டெஸ்ட் அன்று உங்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய், ஆபீஸ் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்த மேனேஜர் நம் தமிழ் ஆள்தான். உங்களை அங்கிள் என்றார். பார்சல் வந்திருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, கொண்டுவந்தவரிடம் என்ன சொல்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். "யூ..." என்றீர்கள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. "யூ கேன்..."

"ஓகே அங்கிள், தேங்க்யூ. நெக்ஸ்ட்."

கீழே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, என் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் சொன்னீர்கள்: "யூ கேன் லீவ் தி பார்சல் வித் மீ." ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. என் தோளைத் தட்டினீர்கள். "சரிதானடா?"

"இப்ப சொல்லி என்ன பா" என்று வண்டியைக் கிளப்பினேன்.

குப்பை அறைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள், பிறகு எழவில்லை. அந்த மேனேஜர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு மூன்று வினாடி என்று முதலில் அளந்து கொடுத்தவன் நான்.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கால் சென்டரில் இருக்கிறேன். ஒரு அழைப்பு இழுத்தால் திரை சிவப்பாகும். போன வாரம் காப்பார் ஊரிலிருந்து ஒருவர் பேசினார். பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று தெரிந்தது.

"அங்கிள், தமிழ்லயே சொல்லுங்க."

"வேணாம் தம்பி, மக சொல்லிக் கொடுத்திருக்கா. இங்கிலீஷ்லயே சொல்லிடுறேன்."

"மை... மை கார்..." என்று நின்றார். மூச்சு மட்டும் கேட்டது. திரை சிவந்தது. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். காப்பார்க்காரர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து முடித்தார்.

"சரியா தம்பி?"

"சரி அங்கிள்" என்றேன். "ரொம்பச் சரி."