ஹாகமான் பெயரில் ஒரு மேசை

அக்டோபர் 4, வெள்ளி

'மூன்று எருது' ஸ்டேக் கடையில் நானும் தம்பி லீவனும். அவன் மனைவி அவனை விட்டுப் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. தொண்டை கட்டியிருக்கிறதாம், வாயே திறக்கவில்லை. பட்டியலில் விரலை வைத்துக் காட்டினான். அவனுக்கு ரத்தம் சொட்டச் சொட்ட, எனக்கு நன்றாக வெந்தது. என் தட்டைக் காட்டி "செருப்பு" என்று உதட்டை மட்டும் அசைத்தான். எத்தனை வருடமாக அதே கேலி! எனக்கு முன்பே தட்டைக் காலி செய்துவிட்டான். ஆடி அசைந்து சாப்பிடுகிறவன் அவன். நல்ல பசி போலிருக்கிறது.

அக்டோபர் 5, சனி

லீவன் தன் மஃப்ளரை என் காரில் விட்டுப் போயிருக்கிறான். எடுத்து உதறினேன். கடையின் துணி நாப்கின் ஒன்று பொட்டலமாக விழுந்தது. உள்ளே மென்று துப்பிய இறைச்சி. நேற்று அவன் தட்டில் இருந்தது முக்காலும் அதில் இருக்கும். நாய்க்கு என்றால் மெல்லாமல் எடுத்து வந்திருப்பான். தவிர, அவனிடம் நாய் கிடையாது.

கையை மூன்று தரம் கழுவினேன். அவனிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அக்டோபர் 8, செவ்வாய்

மதியம் 'கருஞ்சட்டி' ரோஸ்விதா போன் செய்தாள். அப்பா காலத்திலிருந்து நாங்கள் சாப்பிடப் போகும் இடம், அவளுடையது. எடுத்ததுமே அழுகிற குரல்.

"ஹில்டே, மனசத் தேத்திக்கோ. நான் இருக்கேன். ரொட்டிக்கு ஹாம் மட்டும் போதுமா, சீஸும் வைக்கட்டுமா?"

"எதுக்கு ரொட்டி?"

"துக்கச் சாப்பாட்டுக்குத்தான். நவம்பர் எட்டு, வெள்ளி. ஹாகமான் குடும்பம், நாப்பது பேர்னு பதிவாயிருக்கே."

"எங்க வீட்ல யாரும் சாகலையே, ரோஸ்விதா."



இந்த கென்ட் நகரத்தில் எங்கள் வீட்டு ஹாகமான் என்று மிச்சமிருப்பது இரண்டே பேர். நானும் லீவனும்.

அக்டோபர் 9, புதன்

நேரிலேயே போய்விட்டேன். போனில் பதிந்திருந்ததை ரோஸ்விதா போட்டுக் காட்டினாள். முதலில் வெறும் மூச்சு. பிறகு கரகரவென்று, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து: "ஹாகமான். நவம்பர் எட்டு. நாப்பது பேர். அடக்கம் முடிஞ்சு வருவோம்."

அப்பா.

சந்தேகமே இல்லை. தொண்டை அரித்துப் போன கடைசி வருடம் அப்பா இப்படித்தான் பேசினார். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ரோஸ்விதா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் போடவில்லை; கோயிலுக்குப் போவதை நிறுத்தி எவ்வளவோ காலம். ஆனால் 'வருவோம்' என்கிறாரே. யாரைக் கூட்டிக்கொண்டு?

அக்டோபர் 10, வியாழன்

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உள்ளாடை அலமாரியை ஒழுங்கு செய்தேன் — நாளைக்கே யாராவது திறக்க நேர்ந்தால்? சீ, அறுபத்தெட்டு வயதில் பேய்க்குப் பயப்படுகிறேன். பூக்கடை வைத்திருந்த காலத்தில் எத்தனை சவப்பெட்டிக்கு மலர்வளையம் கட்டியிருப்பேன். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

எங்கள் ஊர் லேயே ஆற்றின் கரையில் உள்ள கடையில் விலாங்கு மீன், பச்சைக் கீரைக் குழம்போடு. இன்றும் லீவன் வாயைத் திறக்கவில்லை. சிரிக்கவாவது வைப்போம் என்று நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா எனக்கு இடம் போட்டு வச்சிட்டாருடா. நீ உன் கருப்புக் கோட்ட வெளுக்கப் போட்டுடு."

அவன் சிரிக்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். அது மூக்கு வழியாக வந்தது. துடைத்துக்கொண்டான்.

"உனக்கில்லக்கா. எனக்கு."

அப்பாவின் குரல். என் தம்பியின் வாயிலிருந்து, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. 

பிறகுதான் புரிந்தது. அப்பாவுக்கு வந்த அதே நோய். கோடையிலேயே தெரியுமாம். அப்பா பட்ட பாட்டைப் பார்த்தோம், அப்படிப் போக மாட்டேன் என்று டாக்டர்களிடம் எழுதிக் கொடுத்து நாளும் குறித்துவிட்டான். நவம்பர் நாலு, வீட்டிலேயே, டாக்டர் போடும் ஊசியோடு. எங்கள் நாட்டுச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்று எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப் போனபோது நான்தான் பூ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் இது லீவன்.

"ஹோட்டலுக்குச் சொல்லத் தெரிஞ்சுது, எனக்குச் சொல்லத் தெரியலையாடா?"

"உன்கிட்ட சொன்னா நீ சாப்பிட மாட்டக்கா."

நாப்கினை அவன் முகத்தில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன். பாவி நான். விட்டுட்டு வந்துட்டேன். அவன்கிட்ட காரு கூட இல்ல.

அக்டோபர் 18, வெள்ளி

போகவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மறுபடி ரோஸ்விதா.

"வெள்ளிக்கிழம லீவன் தனியா வந்தாரு. ரெண்டு ஸ்டேக் வாங்கினாரு, உன்னுது நல்லா கருக்கி. ரெண்டும் எதிரெதிரா அப்படியே ஆறிப் போச்சு. உன் நாற்காலியப் பாத்து தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு, நீ பேசுற மாதிரி. நடுவுல சிரிப்பு வேற. பக்கத்து மேசைக்காரங்க எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டாங்க, ஹில்டே."

உயிரோடு இருக்கும் என்னை அங்கே பேயாக்கி உட்கார வைத்திருக்கிறான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

கருஞ்சட்டிக்குப் போனேன். எங்கே போயிருந்தாய் என்று அவன் கேட்கவில்லை. நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான். ஒரே தட்டு வந்தது, அவன் சாப்பிடுகிற மாதிரி, உள்ளே சிவப்பாக. அதையும் என் பக்கம் தள்ளினான்.

"எனக்கு எல்லாம் இப்ப குழாய் வழிதான். நீ தின்னு. எப்படி இருக்குன்னு சொல்லு."

"வெதுவெதுன்னு இருக்கு."

"அப்புறம்?"

"உப்பு. இரும்புக் கரண்டிய நக்கின மாதிரி... ஓரத்துல கொழுப்பு, வெண்ணெய் வாசன."

கண்ணை மூடிக்கொண்டான். அவன் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. எதையோ விழுங்கினான், அவன் வாயில் எதுவும் இல்லை.

"இன்னொரு வாய்."

முழுவதும் தின்றேன். பிடித்திருந்தது, அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைத் தள்ளிப் போடேன்டா என்று ஒரே ஒரு தரம் கேட்டேன்.

"தள்ளிப் போட்டா இந்தக் குரலும் இருக்காதுக்கா. வேற விஷயம் கேளு. அன்னிக்கு ரொட்டி போட்டுடாத. அப்பா சாவுல அந்தக் காஞ்ச ஹாம் ரொட்டிய எல்லாரும் மாடு மாதிரி அசை போட்டோமே! சுடச்சுட பீர்ல வெந்த கறி, உருளை வறுவல். அத்தன பேரும் வெக்கமில்லாம ரெண்டாம் தரம் கேக்கணும்."

நவம்பர் 1, வெள்ளி

சகல புனிதர் நாள். அப்பாவின் கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி கொண்டுபோனேன். லீவனும் வந்தான். பக்கத்திலிருந்த காலி இடத்தைக் காலடியால் அளந்து பார்த்து, போதும் என்று தலையாட்டினான். ஊரே பூவோடு செத்தவர்களைப் பார்க்க வந்திருந்தது. நான் மட்டும் சாகப் போகிறவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவனுக்கு நல்ல நாள் வாழ்த்துச் சொன்னார்கள்.

நவம்பர் 4, திங்கள்

காலையில். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில், அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

நாற்பதுக்கு மேலேயே வந்துவிட்டார்கள். ரொட்டி என்று பார்த்தால் வேகும் கறியின் மேல் வைத்த கடுகு தடவிய துண்டுதான், அதுவும் குழம்பிலேயே கரைந்திருந்தது. முதலில் எல்லோரும் குனிந்தபடி தின்றார்கள். பிறகு யாரோ தட்டை நீட்ட, வரிசையாக நீட்டினார்கள். சத்தமாகச் சிரிப்பு கூடக் கேட்டது. உனக்குத் திருப்தியாடா?

போனில் இருக்கும் பதிவை அழித்துவிடட்டுமா என்று ரோஸ்விதா கேட்டாள். வேண்டாம் என்றேன். சமையலறை வாசலில் நின்று இன்னொரு தரம் கேட்டேன். 'அடக்கம் முடிஞ்சு வருவோம்.' அப்பா மாதிரியே இல்லை இப்போது. லீவன்தான்.

நவம்பர் 14, வியாழன்

'மூன்று எருது'விலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்கு வந்தவள் போலிருக்கிறது.

"நாளைக்கு ஏழு மணி, ஹாகமான், ரெண்டு பேர். உறுதிதானேங்க?"

"யாரும்மா சொன்னது?"

"லீவன் ஐயாதாங்க. செப்டம்பர்லயே நேர்ல வந்து சொல்லிட்டாராம். நாளைலேருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் ஜன்னல் மேச உங்களுக்குத்தான். நீங்க வரமாட்டேன்னு சொல்லுவீங்க, விடாதீங்கன்னும் சொன்னாராம்."

பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது. ஒருத்திதான் வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் போகாத வெள்ளிக்கிழமை அவன் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த என் காலி நாற்காலி ஞாபகம் வந்தது.

"ரெண்டு பேர்தாம்மா," என்றேன். "ஸ்டேக் ஒண்ணு போதும். ரத்தத்தோட."