நகம் வெட்டிய நாள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நானும் நம் மகளும் நலம். இதை முதலில் எழுதாவிட்டால் மீதியைப் படிக்கும்முன் பதறிவிடுவாய். போனில் பேசலாம்தான். ஆனால் நீ ‘ம்’ என்பதும் நான் ‘அப்புறம்’ என்று இழுப்பதுமாகவே முடிந்துபோகிறது. நாளை உன் அண்ணன் உன் துணிகளை எடுத்துப்போக வருகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்றோடு அவளுக்கு நாற்பத்தொரு நாள். நீ போய் ஒன்பது நாள். எடை நாலு கிலோ இருநூறு. மாடி வீட்டு நர்ஸ் அக்காதான் எடை பார்த்துச் சொன்னார். நான் அவளை இப்போது மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் கண்ணாடிக்கடை முதலாளிகூட என்னிடம் இவ்வளவு வேலை வாங்கியதில்லை. பாட்டில் ஆறுவதற்குள் வீட்டை இரண்டாக்கிவிடுகிறாள். குடித்து முடித்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறாள். ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். நேற்று ஏப்பத்தோடு பாலும் சேர்ந்து என் காதுக்குள் போய்விட்டது.

நீ போன முதல் நாள் அவளுக்கு விக்கல் வந்தது. நிற்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். நர்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “விக்கலுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடணுமான்னு கேக்கற ஆளை இப்பதான் பாக்கறேன் தம்பி” என்றார். அதற்குள் விக்கல் நின்றிருந்தது. அக்காதான் தினமும் டியூட்டிக்குப் போகும்முன் வந்து அவளைக் குளிப்பாட்டிவிடுகிறார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இன்று மத்தியானம் அவள் தூங்கும்போது நகம் வெட்டினேன். கன்னத்தில் கீறிக்கொள்கிறாளே என்றுதான். நூல் அளவு பிசகாமல் லென்ஸ் தேய்க்கிறவன் நான், இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். நாலு விரல் முடிந்தது. சுண்டுவிரலில் சதையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது.

பதறாதே. காயம் அரிசி முனை அளவுகூட இல்லை. ஆனால் ரத்தம் வந்தது. அவள் விழித்துக்கொண்டு அழுத அழுகையை நான் அதுவரை கேட்டதே இல்லை. மேலே அக்கா வீடு பூட்டியிருந்தது. ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் உன் செருப்பு, அப்படியே தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தே வழிவிட்டார்கள். டாக்டர் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றுவிட்டது. யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். “இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு. தூங்கவெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். ஒரு திட்டுக்கூட இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் என் நெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். தன்னை வெட்டிய கை அதுதான் என்று தெரியாமல், காயம்படாத கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

நீ கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது நீ நனைந்த புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தாய். குளிப்பாட்டும்போது சோப்பு வழுக்கி அவள் ஒரு நொடி தண்ணீருக்குள் போய்விட்டாள் என்றாய். அந்த நொடியிலேயே தூக்கிவிட்டாய். அவள் இருமிவிட்டு, பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நீதான் நடுங்கிக்கொண்டிருந்தாய். ஈரம் மாற்று என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன? “ஒரு பிள்ளையைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?”

கேட்பவர்களிடமெல்லாம் நீ ஓய்வுக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வருகிறேன். நீ எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும். நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வியை இன்று டாக்டர் என்னிடம் கேட்டிருந்தால் நான் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பேனா என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

முதலாளியிடம் இன்னும் பத்து நாள் விடுப்பு வாங்கிவிட்டேன். ஆகவே எனக்காக அவசரப்பட்டு வராதே. உன் உடம்பும் மனசும் எப்போது சொல்கிறதோ அப்போது வா. ஆனால் உன் கையை நான் நம்பவில்லை என்று எண்ணிக்கொண்டு மட்டும் அங்கே இருந்துவிடாதே.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுண்டுவிரல் வரைக்கும் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அண்ணிதான் முழுக்கப் படித்துப் பார்த்து, “ஒண்ணும் ஆகல, தைரியமாப் படி” என்று திருப்பிக் கொடுத்தார்.

நீங்கள் சொன்ன அந்த வார்த்தைக்காக மட்டும் நான் கிளம்பவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே அதை எனக்குள் நூறு முறை சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் வாயிலும் அதுவே வந்ததும், அப்படியானால் உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அண்ணி என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். தூக்கம் வராதது, காரணமில்லாத அழுகை, பிள்ளையைத் தொடவே பயப்படுவது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “பிரசவத்துக்கு அப்புறம் நிறைய பேருக்கு வர்றதுதாம்மா. மருந்து இருக்கு, சரியாயிடும். தனியா மட்டும் இருக்காதே” என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு நாளாகத் தூக்கம் வருகிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அவளுக்குப் பசிக்கிறது என்று தெரிந்துகொள்வேன். குளியலறையில் நின்று பாலைப் பீய்ச்சிவிட்டு, நீங்கள் பாட்டிலை ஆற்றியிருப்பீர்களா என்று நினைத்துக்கொள்வேன். இப்போது வலி குறைந்துவிட்டது. அது குறைந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலை அண்ணனோடு வருகிறேன். நர்ஸ் அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உள்ளே வந்ததும் அவளை என்னிடம் நீட்டாதீர்கள். கொஞ்ச நேரம் நீங்களே வைத்திருங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானாகக் கை நீட்டும்போது கொடுங்கள். கொடுத்துவிட்டு அறையைவிட்டுப் போய்விடாதீர்கள். ஆனால் என் கையைப் பார்க்காதீர்கள். ஜன்னலையோ சுவரையோ பார்த்துக்கொண்டு, கடையில் நடந்தது எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள்.

உங்கள்
டீச்சர்